இரண்டு வண்டிச் சுமை

வீட்டை விட்டு இந்த நொடியே வெளியேற வேண்டும் என்று ஒரு நிலை வந்தால் நாம் எதை எடுத்துக்கொள்வோம்? நண்பர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். நகை என்பார் ஒருவர். வீட்டுப் பத்திரம் என்பார் இன்னொருவர். குடும்ப அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், அம்மாவின் மருந்து, அப்பாவின் படம் என்று பட்டியல் நீளும். அரை மணி நேரத்தில் அது ஒரு லாரி கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிடும். இதைத் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது என்று யாராவது கேட்கும்போதுதான் சிரிப்பு எழும்.

இந்தக் கேள்விக்கு எண்ணூறு ஆண்டுகளாக விடை எழுதி, அழித்து, மீண்டும் எழுதி வந்திருப்பவர்கள் ஜப்பானியர். இன்று அங்கே பல வீடுகளில், வாசலுக்கு அருகில், முதுகில் மாட்டும் பை ஒன்று தயாராக இருக்கும். 'ஹிஜோ மொச்சிதாஷி புகுரோ' என்பது அதன் பெயர். ஆபத்து வேளையில் எடுத்துச் செல்லும் பை என்று பொருள். குடிநீர், கெட்டி ரொட்டி, கைவிளக்கு, சிறு வானொலி, விசில், கையுறை, கழிவறைப் பைகள், மருந்துக் குறிப்பேடு, பொதுத் தொலைபேசிக்கான பத்து யென் நாணயங்கள் என்று அதற்குள் இருப்பவை எல்லாம் சாதாரணப் பொருள்கள். ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு பேரழிவு இருக்கிறது. அந்தப் பையை அவிழ்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்த்தெடுக்கும் குடில்

கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் கியோட்டோவிலிருந்து தொடங்குவோம். அன்று அதுவே ஜப்பானின் தலைநகரம். அங்கே வாழ்ந்த கமோ நோ சோமெய் என்ற கவிஞர், 1212ஆம் ஆண்டு 'ஹோஜோகி' என்ற சிறு நூலை எழுதினார். ஜப்பானிய உரைநடையின் செவ்வியல் நூல்களுள் ஒன்றாக அது இன்றும் பயிலப்படுகிறது. நூலின் முற்பாதி முழுவதும் அழிவுகளின் வரிசை. 1177இல் தலைநகரின் மூன்றில் ஒரு பங்கைத் தின்ற தீ. 1180இல் வீடுகளைப் பிய்த்தெறிந்த சூறாவளி. அதே ஆண்டில் தலைநகரத்தையே வேறிடத்துக்கு மாற்றிய அரசியல் குழப்பம். அடுத்த இரண்டு ஆண்டுகளில் பஞ்சமும் கொள்ளை நோயும். 1185இல் பெரும் நிலநடுக்கம்.

தீயைப் பற்றி எழுதும்போது, உடலை மட்டும் மீட்டுக்கொண்டு, உடைமைகளை எடுக்க இயலாமல் நின்றவர்களைச் சொல்கிறார். பஞ்சத்தைப் பற்றி எழுதும்போதோ, அருமையாகச் சேர்த்துவைத்த பொருள்களை ஒவ்வொன்றாகத் தெருவுக்குக் கொண்டுவந்தும் ஏறிட்டுப் பார்க்க ஆளில்லாத நிலையைக் காட்டுகிறார். பொன் மலிந்து தானியம் அரிதாகிப்போன நாள்கள் அவை. எடுத்துச் செல்ல முடியாத பொருளும் பயன்படாது. எடுத்துச் சென்றாலும் உண்ண முடியாத பொருளும் பயன்படாது. அவசரப் பையின் முதல் இலக்கணம் இங்கேயே வகுக்கப்பட்டுவிட்டது என்று நாம் கொள்ளலாம்.

நூலின் பிற்பாதி இன்னும் சுவையானது. அறுபது வயதை நெருங்கிய சோமெய், தலைநகருக்கு வெளியே ஹினோ மலைப்பகுதியில் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு குடில் கட்டிக்கொண்டார். அதன் உயரம் ஏழடியும் இல்லை. மூட்டுகளையெல்லாம் கொக்கிகளால் பூட்டிவைத்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி எடுத்துக்கொண்டு வேறிடம் போய்விடலாம். மொத்தமும் இரண்டு வண்டிச் சுமைதான். வண்டிக்காரருக்குக் கூலி கொடுப்பதைத் தவிர வேறு செலவில்லை என்கிறார். உள்ளே அமிதாப புத்தரின் உருவம், தாமரைச் சூத்திரம், கவிதைகளும் இசைக் குறிப்புகளும் வைத்த கருந்தோல் பெட்டிகள், மடக்கிவைக்கக்கூடிய இரண்டு இசைக்கருவிகள். அழிவுகளைக் கண்ணால் கண்டவர் கடைசியில் தம் வீட்டையே ஓர் அவசரப் பையாக மாற்றிக்கொண்டார். அந்தப் பைக்குள் கவிதைக்கும் இசைக்கும் இடம் வைத்திருந்தார் என்பதை இலக்கிய வாசகர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது.

சக்கரம் வைத்த பெட்டிகள்

துறவிக்கு இரண்டு வண்டி போதும். வணிகர்களும் கைவினைஞர்களும் நெருங்கி வாழும் பெருநகரத்துக்கு? பதினேழாம் நூற்றாண்டில் எடோ என்று அழைக்கப்பட்ட இன்றைய டோக்கியோவில் அதற்கு ஒரு விடை கண்டிருந்தார்கள். துணிமணிகளையும் பொருள்களையும் வைக்கும் பெரிய மரப்பெட்டியின் அடியில் சக்கரங்களைப் பொருத்தினார்கள். 'குருமா நகமொச்சி' என்று அதற்குப் பெயர். தீப்பிடித்தால் பெட்டியை அப்படியே உருட்டிக்கொண்டு வெளியேறலாம். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகளில் வாழ்ந்த மக்களுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருக்க முடியுமா என்று தோன்றும்.

1657ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு சோதனைக்கு வந்தது. மெய்ரெகிப் பெருந்தீ என்று வரலாறு சொல்லும் அந்தத் தீ, கடுங்காற்றில் இரண்டு மூன்று நாள்கள் எரிந்து நகரத்தின் பெரும்பகுதியை அழித்தது. மாண்டவர்கள் ஒரு லட்சம் பேர் என்று மரபாகச் சொல்வர். குறைத்து மதிப்பிடுவோரும் உண்டு. எடோக் கோட்டையின் நடுக்கோபுரம் எரிந்து வீழ்ந்தது. அது பின்னர் எழுப்பப்படவே இல்லை.

அன்று நடந்தவற்றை அசாய் ரியோய் என்ற எழுத்தாளர் 1661இல் வெளிவந்த 'முசாஷி அபுமி' என்ற நூலில் பதிவு செய்திருக்கிறார். எல்லோரும் தத்தம் சக்கரப் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தார்கள். பெட்டிகள் ஒன்றோடொன்று சிக்கித் தெருக்களை அடைத்தன. அசகுசா வாயிலை நோக்கி ஓடிய கூட்டம் பெட்டிகளுக்கு நடுவே முன்னும் பின்னும் போக முடியாமல் திணறியது. வாயிலும் மூடப்பட்டிருந்தது.

வாயில் ஏன் மூடப்பட்டது என்பது தனிக்கதை. சிறைத் தலைவராக இருந்த இஷிதே தத்தேவாகி, கைதிகளை நெருப்பில் சாகவிட மனமில்லாமல், தீ அடங்கியதும் திரும்பி வரவேண்டும் என்ற வாக்குறுதியின் பேரில் அவர்களைத் திறந்துவிட்டார். கைதிகள் சிறையை உடைத்துத் தப்பிவிட்டார்கள் என்ற வதந்தி அவர்களுக்கு முன்னால் ஓடியது. அதை நம்பிய காவலர்கள் வாயிலைச் சாத்தினார்கள். அங்கே மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்று பழைய பதிவுகள் கூறுகின்றன. கைதிகளோ சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தார்கள் என்பதும், சிறைத் தலைவர் அவர்களுக்காக மன்றாடித் தண்டனைக் குறைப்பு வாங்கித் தந்தார் என்பதும் அந்தப் பதிவுகளிலேயே உள்ள செய்தி.

மூட்டையும் வதந்தியும் சேர்ந்து மனிதர்களைக் கொன்ற அந்த இடத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் இக்கதையில் மீண்டும் வரும்.

கிணற்றுக்குள் கணக்கேடு

எடோ பாடம் கற்றது. 1683இல் எடோ, கியோட்டோ, ஒசாகா ஆகிய மூன்று பெருநகரங்களிலும் சக்கரப் பெட்டிகள் செய்வது தடைசெய்யப்பட்டது. தீ தாவாமல் இருக்க அகன்ற தெருக்கள் அமைக்கப்பட்டன. சுமிதா ஆற்றைக் கடக்க வழியில்லாமல் பலர் மாண்டதால், ரியோகொகு பாலம் கட்டப்பட்டது. உரிமை கோர யாருமில்லாத சடலங்களை அடக்கம் செய்த இடத்தில் எக்கோயின் என்ற ஆலயம் எழுந்தது. அது இன்றும் ரியோகொகுவில் இருக்கிறது.

வணிகர்கள் வேறு வழிகளை நாடினார்கள். பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பதிலாக, தடித்த மண்சுவர் கொண்ட கிடங்குகளிலும் நிலவறைகளிலும் வைத்துப் பூட்டினார்கள். அவர்களுக்கு உயிர்நிலையாக இருந்தது கடன் விவரம் எழுதிய கணக்கேடு. தண்ணீரில் கரையாத உறுதியான காகிதத்தில் அதை எழுதி, தீ வந்தால் கிணற்றுக்குள் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஓடினார்கள் என்று சொல்வார்கள். தீ அணைந்தபின் கிணற்றிலிருந்து எடுத்துக் காயவைத்தால் வணிகம் மீண்டும் தொடங்கிவிடும். எளியவர்களின் வீடுகளில், அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததைப் போட்டுத் தூக்கிச் செல்ல 'யோஜின் ககோ' என்ற பெரிய மூங்கில் கூடை இருந்தது. எச்சரிக்கைக் கூடை என்று அதற்குப் பொருள். இன்றைய பையின் பாட்டி அதுதான்.

தீயும் சண்டையும் எடோவின் பூக்கள் என்று அந்த நகரத்தார் ஒரு பழமொழி சொல்வதுண்டு. அடிக்கடி வந்ததால் தீ மறக்கப்படவில்லை. மறக்கப்படாததால் பாடங்களும் நின்றன.

மீண்டும் மூட்டைகள்

பிறகு நகரத்தின் பெயர் டோக்கியோ ஆயிற்று. குழாய்த் தண்ணீர் வந்தது. தீயணைப்பு இயந்திரம் வந்தது. பழைய தடைகளை நினைத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

1923 செப்டம்பர் 1, பகல் 11.58. அடுப்புகள் எரிந்துகொண்டிருந்த உணவு வேளை. 7.9 அளவுள்ள நிலநடுக்கம் கான்டோ சமவெளியை உலுக்கியது. குழாய்கள் உடைந்து தண்ணீர் நின்றது. பல இடங்களில் ஒரே நேரத்தில் தீ எழுந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 1,05,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது தீயே.

ரியோகொகுவுக்கு அருகில், ஹொன்ஜோ பகுதியில், இராணுவ உடைத் தொழிற்சாலை இருந்து அகற்றப்பட்ட ஒரு பெருவெளி காலியாகக் கிடந்தது. பாதுகாப்பான இடம் என்று நம்பிச் சுமார் நாற்பதாயிரம் பேர் அங்கே திரண்டார்கள். வெறுங்கையோடு வரவில்லை. மெத்தைகள், அலமாரிகள், துணி மூட்டைகள், அவற்றை ஏற்றிய கைவண்டிகள் எல்லாம் வந்தன. வெட்டவெளி விறகுக் கிடங்காக மாறியது. மாலை நான்கு மணியளவில் தீச்சுழல் ஒன்று அந்த வெளியைக் கடந்தது, மூட்டைகள் பற்றிக்கொண்டன. அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏறத்தாழ 38,000 பேர் மாண்டார்கள். 1657இல் இறந்தவர்களுக்காக எழுப்பிய எக்கோயின் ஆலயத்திலிருந்து அந்த வெளிக்கு நடந்தே போய்விடலாம். பாடம் எழுதிவைத்த பலகை அத்தனை அருகில் இருந்தும் படிக்க ஆளில்லை.

வதந்தியும் திரும்பி வந்தது. செய்தித்தாள் அலுவலகங்கள் பெரும்பாலும் எரிந்துபோயின. செய்தி இல்லாத வெற்றிடத்தில், கொரியர்கள் தீ வைக்கிறார்கள், கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற பொய் பரவியது. ஊர்க்காவல் கும்பல்களும், சில இடங்களில் படையினரும் காவலரும், கொரியர்களைக் கொன்றார்கள். சீனர்களும், வட்டார வழக்குப் பேச்சால் ஐயத்துக்கு ஆளான ஜப்பானியர் சிலரும்கூடத் தப்பவில்லை. கொல்லப்பட்டோர் ஆயிரக்கணக்கில் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் மதிப்பிடுகிறார்கள். 1657இல் வதந்தி ஒரு வாயிலை மூடியது. 1923இல் அது கையில் ஆயுதத்தைக் கொடுத்தது.

இன்றைய பையில் கையால் சுழற்றி இயக்கும் வானொலி ஒன்று இருக்கிறதல்லவா? ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு 1925 மார்ச்சில் தொடங்கியது. அதை விரைவுபடுத்திய காரணங்களுள் இந்த அழிவின் அனுபவமும் ஒன்று. உண்ண உணவும் குடிக்க நீரும் போலவே, நம்பத்தக்க செய்தியும் உயிர்காக்கும் பொருள் என்பதற்கு அந்த வானொலி சாட்சி.

இந்தத் தீச்சுழல்களை ஆராய்ந்தவர்களில் ஒருவர் தெரதா தொரஹிகோ. இயற்பியலாளர்; நாவலாசிரியர் நட்சுமே சொசெகியின் மாணவர்; அருமையான கட்டுரையாளர். நாகரிகம் வளர வளர இயற்கையின் அழிவும் கடுமையாகும் என்று 1934இல் எழுதினார். அழிவு மறந்த வேளையில் வந்து சேரும் என்ற புகழ்பெற்ற வாசகம் அவர் பெயரால் வழங்குகிறது. அதே சொற்களில் அவர் நூல்களில் அது இல்லை. அவர் பேச்சைக் கேட்ட மாணவர்கள் வழியாகவே அது நிலைத்தது. ஹொன்ஜோவின் சாம்பலைப் பார்த்தவருக்கு அப்படிப் பேசாமல் இருக்க இயலாதுதான்.

போகாதே என்ற சட்டம்

போர்க்காலத்தில் பை மீண்டும் எல்லார் தோளிலும் ஏறியது. பஞ்சு வைத்துத் தைத்த தலைமூடி, பெயரும் இரத்த வகையும் எழுதி உடையில் தைத்த துணித்துண்டு, வறுத்த பயறு நிறைத்த சிறு பை ஆகியவை வீடுதோறும் தயாராயின. பார்த்தால் மக்கள் நன்றாக ஆயத்தமாக இருந்ததாகத் தோன்றும். ஆனால் 1937இன் வான்காப்புச் சட்டம் 1941இல் திருத்தப்பட்டபோது, நகரத்தை விட்டு மக்கள் வெளியேறுவதைத் தடுக்கும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. குண்டு விழுந்தால் நின்று தீயை அணைப்பது குடிமக்களின் கடமையாயிற்று. பையைக் கொடுத்துவிட்டுப் பாதையை அடைத்தார்கள்.

1945 மார்ச் 10 இரவு, அமெரிக்க விமானங்கள் டோக்கியோவின் கீழ்ப்பகுதியில் எரிகுண்டுகளைப் பொழிந்தன. ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தனர். தலையைக் காக்கத் தைத்த பஞ்சுமூடிகளே பலருக்குத் தீக்கொழுந்தாயின. அதே ஆண்டு ஜூலையில் வடக்கே அவோமோரி நகரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி வெளியேறியவர்கள் 28ஆம் தேதிக்குள் திரும்பாவிட்டால் உணவுப் பங்கீடு நிறுத்தப்படும் என்ற மிரட்டல் வந்தது. மக்கள் திரும்பினார்கள். 28ஆம் தேதி இரவே குண்டுவீச்சு நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஹொன்ஜோப் பெருவெளி இன்று யோகோஅமிச்சோ பூங்கா. அங்குள்ள நினைவு மண்டபத்தில் 1923இல் இறந்தவர்களின் எலும்புகளும் 1945இல் இறந்தவர்களின் எலும்புகளும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்டுள்ளன. கொல்லப்பட்ட கொரியர்களுக்கான நினைவுக்கல் 1973இல் அதே பூங்காவில் நடப்பட்டது. இயற்கை கொன்றது எது, மனிதர் கொன்றது எது என்று பிரித்துச் சொல்ல முடியாத இடம் அது.

செருப்பும் விசிலும்

1959 செப்டம்பரில் இசே வளைகுடாப் புயல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அடுத்த ஆண்டு, 1923இன் நினைவாகச் செப்டம்பர் 1ஐ அழிவுத் தடுப்பு நாளாக அரசு அறிவித்தது. ஆண்டுதோறும் அந்நாளில் நாடெங்கும் ஒத்திகை நடக்கிறது. பல வீடுகளில் பையை அவிழ்த்துக் காலாவதியானவற்றை மாற்றும் நாளும் அதுவே. போர்க்காலத்துத் தலைமூடியின் வழித்தோன்றல், டோக்கியோ வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளின் நாற்காலி மெத்தையாகக் கிடக்கிறது. படைவீரருக்காகச் செய்த கெட்டி ரொட்டி தகர டப்பாவில் வீட்டுக்கு வந்தது. வறண்ட ரொட்டி தொண்டையில் இறங்க எச்சில் ஊறவேண்டும் என்பதற்காக, கொன்பெய்தோ என்ற சிறு சர்க்கரை மிட்டாய்களையும் அதே டப்பாவில் போட்டிருக்கிறார்கள்.

1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46க்குக் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கம் 6,434 உயிர்களைக் கொண்டது. பெரும்பாலோர் உறக்கத்தில், சரிந்த வீட்டுக்கும் அலமாரிக்கும் அடியில் நசுங்கி இறந்தவர்கள். அவர்களுக்கு எந்தப் பையும் உதவியிருக்காது. அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும் என்பது அன்று உறைத்த பாடம். தப்பியவர்கள் இருட்டில், உடைந்த கண்ணாடியின் மேல் வெறுங்காலுடன் நடந்தார்கள். எனவே படுக்கையருகில் செருப்பும் கைவிளக்கும் இருக்க வேண்டும் என்றாயிற்று. இடிபாட்டுக்குள்ளிருந்து கத்திக் கத்திக் குரல் போய்விடும். விசில் ஊத மூச்சு இருந்தால் போதும். சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் அண்டை வீட்டுக்காரர்கள். டோச்சிகி மாகாணத்து ரொட்டிக்காரர் ஒருவர் கோபேவுக்கு அனுப்பிய ரொட்டிகளில் பாதிக்கு மேல் கெட்டுப்போயின. அந்த மனவருத்தத்தில் அவர் கண்டுபிடித்ததுதான், டப்பாவுக்குள்ளேயே சுட்டெடுத்து ஆண்டுக்கணக்கில் மென்மையாக இருக்கும் ரொட்டி.

பையை விட்டுவிட்டு ஓடு

சுனாமி என்ற ஜப்பானியச் சொல்லை 2004 டிசம்பர் 26 நம் கடற்கரைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அச்சொல் பிறந்த நாட்டின் சன்ரிகுக் கரையில் அதற்கு இணையாக இன்னொரு சொல் வழங்குகிறது: 'தெண்டென்கோ'. அவரவர் தனித்தனியாக என்று பொருள். சுனாமி வந்தால் யாருக்காகவும் காத்திராமல், எதையும் எடுக்கத் திரும்பாமல், அவரவர் மேட்டுக்கு ஓடவேண்டும். அக்கரையைச் சேர்ந்த யமாஷிதா ஃபுமியோ என்ற ஆய்வாளர் 1990இல் ஒரு மாநாட்டில் பேசியபின் இச்சொல் நாடெங்கும் அறிமுகமாயிற்று. கேட்பதற்குக் கல்நெஞ்சம் போலத் தோன்றும். உண்மையில் இது ஒரு முன்னுடன்பாடு. நீ ஓடியிருப்பாய் என்று நான் நம்புகிறேன், நான் ஓடியிருப்பேன் என்று நீ நம்பு. அப்போது ஒருவரைத் தேடி ஒருவர் கடலை நோக்கித் திரும்ப வேண்டியதில்லை.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46க்கு 9.0 அளவுள்ள நிலநடுக்கம் வந்தது. தொடர்ந்து வந்த கடல் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. கமாய்ஷி நகரத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். ஆனால் அந்த நேரத்தில் பள்ளியின் பொறுப்பில் இருந்த மாணவர்கள் அனைவரும் பிழைத்தார்கள். பெரிய பிள்ளைகள் சிறு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். அவர்கள் கையில் பை இல்லை. அதனால்தான் இன்னொரு கையைப் பிடிக்க முடிந்தது.

இன்றைய பை முதுகில் மாட்டுவதாக இருப்பதன் காரணமும் இதுவே. இரு கைகளும் சும்மா இருக்கவேண்டும். ஒன்று ஏற, ஒன்று பிறரைப் பிடிக்க. நாளுக்கு ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், குறைந்தது மூன்று நாளுக்கு என்ற கணக்கு வீட்டு இருப்புக்கு உரியது. முதுகில் ஏறுவது, ஏற்றிக்கொண்டு ஓட முடிகிற அளவு மட்டுமே. ஓட முடியாத எடையுள்ள பை, சக்கரப் பெட்டியின் மறுபிறவி.

கடல் வடிந்தபின் இன்னொன்று நடந்தது. சேற்றிலிருந்து மீட்புப் பணியாளர்கள் எடுத்துவைத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் அடுக்கினார்கள். வீடிழந்தவர்கள் வந்து குனிந்து தங்கள் முகங்களைத் தேடினார்கள். சோமெய் தம் இரண்டு வண்டியில் கவிதைக்கு ஏன் இடம் வைத்தார் என்பது இங்கே நமக்குப் புரிகிறது. உயிர் பிழைத்த மறுநாளே மனிதருக்கு நினைவு வேண்டியிருக்கிறது. ஆனால் அதை எடுக்க யாரும் திரும்பி ஓடக்கூடாது. அதற்கு ஒரே வழி, முன்பே ஒரு பிரதி எடுத்துவைப்பது. எடோ வணிகரின் கணக்கேடு போல, தண்ணீரும் தீயும் எட்டாத இடத்தில்.

2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீவக்குறை அதிர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நான்காய் ஆழ்கடல் பள்ளத்தில் பெரும் நிலநடுக்கம் வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடக் கூடியிருக்கிறது என்று ஜப்பான் அரசு முதல்முறையாக அறிவித்தபோது, கடைகளில் தண்ணீரும் அரிசியும் தீர்ந்துபோயின. எண்ணூறு ஆண்டுப் பாடம் படித்தவர்களும் கடைசி நாளில்தான் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள் என்றால், நம்மைப் பற்றி என்ன சொல்வது?

எதை எடுத்துக்கொள்வோம் என்ற கேள்வியில் தொடங்கினோம். எதை விட்டுச் செல்ல நம் மனம் ஒப்பும் என்று அதைத் திருப்பிக் கேட்பதே சரி என்று இப்போது தோன்றுகிறது. இந்தக் கேள்விக்கு ஆற அமர விடை சொல்ல அமைதியான நாள்கள் மட்டுமே இடம் தருகின்றன. ஆகவே நண்பர்களே, இன்றிரவு படுக்கப் போகுமுன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டிலருகில் ஒரு ஜோடி செருப்பை வையுங்கள். அதன்மேல் ஒரு கைவிளக்கையும் வையுங்கள். மற்றவற்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.